மறதிக்கார முகவருக்கு ஒரு பெரட்டு

செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். மலாக்கா ஜாலான் பெண்டஹாராவில், பூக்கடைக்கு மேல்மாடி. மரப்படியில் ஏறும்போது மூன்றாம் படியை மட்டும் தாண்டி வாருங்கள், அது கத்தும். கத்தினால் உள்ளே இருக்கும் அம்மா, "யாரு?" என்பார். அப்புறம் தேத்தண்ணீர் வரும், பேச்சு வரும், வேலை நின்றுவிடும்.

வந்தாச்சா? இதுதான் எங்கள் ஆலை! ஒரு மேசை, இரண்டு மடிக்கணினி, ஐஸ் கரைந்து வெளுத்துப்போன ஒரு தே ஓ ஐஸ், சுவரில் நட்சத்திரமும் ராகு காலமும் போட்ட தமிழ் நாட்காட்டி. செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கான ஒரு நினைவூட்டல் கருவிக்கு இங்கேதான் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். நிரல் எழுதுவது அக்கா மகன். இங்கேயே மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் படித்தவன். தமிழில் விளக்கம் எழுதுவது நான். அம்மா எதையும் எழுதவில்லை. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவர் அவர். கையேட்டின் நல்ல வரிகள் எல்லாம் அவருடையவை.

மொத்தக் கையேடும் நான்கே பக்கம். மூன்று வாரமாக எழுதுகிறோம். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

முகவர் என்றால் என்ன? "இந்த மாதக் கணக்கைச் சரிபார்த்து, பணம் தராதவர்களுக்குக் கடிதம் போடு" என்று ஒரு வேலை சொன்னால், கோப்பைத் திறந்து, படித்து, கூட்டி, கடிதம் எழுதி, தானே அடுத்தடுத்துச் செய்துகொண்டு போகிற மென்பொருள். கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் ஒரு கோளாறு: உரையாடல் முடிந்தால் எல்லாம் போச்சு. மறுநாள் கூப்பிட்டால் புதிதாகப் பிறந்து வந்து நிற்கும். அதனிடம் கடிகாரமும் கிடையாது. பயிற்சியில் படித்த எழுத்து ஒரு நாளோடு நின்றுவிடுகிறது. இன்று என்ன தேதி என்பதை வெளியிலிருந்து யாராவது சொன்னால்தான் உண்டு. திருவள்ளுவரைப் பற்றி மணிக்கணக்கில் பேசும், இன்று செவ்வாயா புதனா என்று கேட்டால் தலையைச் சொறியும்.

அதனால்தான் வெளியே ஒரு பலகை தேவைப்படுகிறது. "வியாழன் ஒன்பது மணிக்கு என்னை எழுப்பு, இதைச் சொல்" என்று முகவர் எழுதிவைத்துவிட்டுத் தூங்கும். கருவி எழுப்பும். பெரிய நிறுவனங்களும் இதே பாதையில்தான் போகின்றன: 2025 ஜனவரியில் சாட்ஜிபிடியில் நேரம் குறித்து வேலை சொல்லும் வசதி வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2024 நவம்பரில், ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி என்ற பொது நெறிமுறையால் எங்களைப் போன்ற மேல்மாடிக்காரர்களும் ஒரு கருவி செய்து, அதை ஏற்கும் எந்த முகவரோடும் மாட்டிவிட முடிகிறது.

இப்போது ரகசியத்துக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் உங்களை மேலே கூட்டிவந்தேன்.

அந்த எம்சிபி முறையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், நிரப்ப வேண்டிய கட்டங்கள். மனிதனுக்கு எழுதிவைத்த விளக்கத்தை அவன் படித்தாலும் படிப்பான், அலமாரியில் வைத்தாலும் வைப்பான். முகவரோ ஒவ்வொரு தடவையும் அதைப் படித்துத்தான், இந்தக் கருவியை இப்போது எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. அதாவது நான் எழுதும் வாக்கியம் ஓடுகிறது! ஒரு சொல்லை மாற்றினால் இயந்திரத்தின் நடத்தை மாறுகிறது. வாழ்நாளெல்லாம் கட்டுரை எழுதி ஒரு வாசகரையும் திருத்தாத எனக்கு இது தந்த கிறுகிறுப்பை எப்படிச் சொல்வேன்? முதல் நாள் இரவு தூங்கவே இல்லை.

முதல் விளக்கம் இப்படி இருந்தது: "நினைவில் வைக்க வேண்டியவற்றைக் குறித்துவைக்க உதவும்." வைத்தது பாருங்கள் குறிப்பு! காலை வணக்கம் சொன்னதற்கு ஒன்று, நன்றி சொன்னதற்கு ஒன்று, அம்மாவுக்கு முட்டி வலி என்பதற்கு ஒன்று. மத்தியானத்துக்குள் நாற்பத்தொன்று. சரி என்று, "பயனர் நேரம் சொன்னால் மட்டும் பயன்படுத்து" என்று மாற்றினேன். இப்போது ரொம்பச் சமர்த்தாகிவிட்டது. "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரை" என்றதற்குக் குறிப்பு வைக்கவில்லை. கேட்டால், நேரம் எதுவும் சொல்லப்படவில்லையாம்.

மூன்றாவது வரைவில் நடந்ததுதான் பெரிய கூத்து. வாடகை பாக்கி பற்றி வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும் என்று அக்கா மகன் பேச்சுவாக்கில் சொல்ல, முகவர் பணிவோடு குறித்துக்கொண்டது. வியாழன் காலை ஒன்பது மணிக்குக் கருவி எழுப்பியது. முகவர் விழித்தது. குறிப்பைப் படித்தது. திரையில் எழுதியது: "அதைக் கேட்கும்படி நினைவூட்டச் சொல்லியிருந்தீர்கள். எதை, யாரிடம்?"

குறிப்பில் இருந்தது இரண்டே சொல்: "அதைக் கேள்."

நாங்கள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. "இது முந்தானை முடிச்சுடா" என்றார். தோட்டத்தில் பெண்கள் எதையாவது மறக்காமலிருக்க முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். கடைக்குப் போனதும் கை முடிச்சில் படும், உப்பு வாங்க வேண்டியது ஞாபகம் வரும். "முடிச்சுல உப்பா இருக்கு? உப்பு என் தலையில இருக்கு. இதுக்குத்தான் தலையே இல்லன்றியே, அப்புறம் வெறும் முடிச்ச வெச்சு என்னா செய்யும்?"

அன்றைக்கு மூன்று வரைவும் குப்பைக்குப் போயின. கருவியில் 'என்ன', 'எப்போது' என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. இப்போது ஐந்து: என்ன, ஏன், யாருக்கு, எப்போது, எதுவரை. 'ஏன்' காலியாக இருந்தால் கருவி குறிப்பை ஏற்காது. கையேட்டின் முதல் வரி: "எதுவுமே தெரியாத ஒருவர் இதைப் படிக்கப் போகிறார், அவர் நீங்கள்தான்." முகவருக்கு எழுதியது. எனக்கும் கொஞ்சம் பொருந்தும்.

கையேட்டின் அடுத்த பாடம் பெரட்டிலிருந்து வந்தது. நகரத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: ஆங்கிலப் பரேட் தோட்டத்து வாயில் உருண்டு பெரட்டு ஆனது. விடியுமுன் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கேட்கும்படி ஏதாவது ஒன்று ஒலிக்கும். எல்லாரும் வாளியும் உளியுமாகக் களத்தில் கூடுவார்கள். எழுத்தரான கிராணி பேர் கூப்பிடுவார், மேற்பார்வையாளரான தண்டல் யாருக்கு எந்த மர நிரை என்று பிரித்துக்கொடுப்பார். வராதவரின் மரத்தை வந்தவர்களுக்குப் பங்கு வைப்பார்கள். விடியுமுன் கூட்டுவதற்குக் காரணம் கொடுமை மட்டுமில்லை. இரவு முழுக்க நீர் ஏறிப் பட்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கும் அந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலை வழியே நீர் போய், அழுத்தம் குறைந்து, ஓட்டம் மட்டுப்படும்.

அக்கா மகன் இதை ஒரு கடிகார மணியாகத்தான் புரிந்துவைத்திருந்தான். அடித்தால் வேலை தொடங்க வேண்டும், அவ்வளவுதானே?

"மழ பேஞ்சா?" என்றார் அம்மா.

பால்மரத்தின் பட்டை நனைந்திருந்தால் வெட்டக் கூடாது. பால் வெட்டுக் கோட்டில் ஓடி மங்கில், அதாவது கிண்ணத்தில், விழாது. பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். மழை நாளிலும் பெரட்டுச் சத்தம் கேட்கும், ஆள் கூடும், ஆனால் தண்டல் வானத்தைப் பார்ப்பார், மரத்தைத் தடவிப் பார்ப்பார். காத்திருக்கச் சொல்வார், வேறு வேலைக்கு அனுப்புவார், வீட்டுக்கும் அனுப்புவார். சத்தத்தின் வேலை ஆளைக் கூட்டுவதோடு சரி. வெட்டுவதா இல்லையா என்பது களத்தில் நின்று முடிவாகும்.

எங்கள் முகவரோ குறிப்பைக் கண்டதும் குருட்டாம்போக்கில் செய்துவிடும். வீட்டுக்காரர் புதன்கிழமையே பதில் சொல்லியிருந்தாலும் வியாழன் காலையில் "பாக்கி என்ன ஆனது?" என்று கேட்டுக் கடிதம் போடும். அதனால் இரண்டாம் பக்கத்தில், கொட்டை எழுத்தில்: "நினைவூட்டல் அடித்ததும் வேலையைத் தொடங்காதே. முதலில் நிலைமையைப் பார். இன்னும் தேவையா என்று பார். பிறகு செய்." இந்த வரியால் இன்னொரு ஆபத்துக்கும் பாதிக் கதவு சாத்தினோம். முகவர் படிக்கும் மின்னஞ்சலில் யாராவது விஷமி, "நாளை இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்ப நினைவூட்டு" என்று ஒளித்து எழுதியிருந்தால்? குறிப்பைக் கட்டளை என்று நம்பும் முகவர் மறுநாள் எழுந்து அனுப்பிவைக்கும். யார் சொல்லி வைத்த குறிப்பு என்பதையும் இப்போது கருவி பதிவு செய்கிறது.

அடுத்து நான் துள்ளிக் குதித்த இடம்! மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் தோட்டம் முதலில் போடப்பட்டது எங்கள் மலாக்காவில்தான். 1896, புக்கிட் லிந்தாங், போட்டவர் டான் சே யான். அந்த மரத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டுவது என்பதற்குத் தோட்டத்துறையில் ஒரு குறியீடு உண்டு: எஸ்/2 டி/2. மரத்தின் சுற்றளவில் பாதிக்குச் சரிவாக வெட்டு, இரண்டு நாளுக்கு ஒரு முறை. ஒன்றுவிட்டு ஒரு நாள் மரம் ஓய்வெடுக்க வேண்டும். அக்கா மகன் இதைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். கணினி நாட்காட்டிகள் ஒன்றோடொன்று பேச ஒரு பொதுத் தரம் இருக்கிறது, ஐகேலண்டர் என்று பெயர். இப்போதுள்ள வடிவம் 2009இல் வந்தது. அதில் திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சிக்கு எழுதும் விதியும் இதேதான்: அலகு நாள், இடைவெளி 2. தோட்டத்துக் குறியீட்டை அப்படியே கணினிக்குள் கொட்டலாம்.

கொட்டினோம். அம்மா மறுபடியும் ஒரு கேள்வி கேட்டார். செவ்வாய்க்கிழமை வெட்ட வேண்டிய நிரை மழையில் போய்விட்டது. அந்த நிரைக்கு அடுத்த வெட்டு புதனா, வியாழனா?

மௌனம். மேசை விசிறி மட்டும் சுற்றியது.

ஐகேலண்டர் விதிக்கு இதில் சந்தேகமே இல்லை. தொடங்கிய தேதியிலிருந்து எண்ணிக்கொண்டே போகும். நீங்கள் செய்தீர்களா என்று கேட்காது. வியாழன். ஆனால் செய்த நாளிலிருந்து எண்ணவேண்டிய வேலைகளும் உலகில் இருக்கின்றன. கேஸ் தோம்பு மாற்றினால் அடுத்தது அன்றிலிருந்துதான் கணக்கு. மாத்திரை வேறு சாதி: காலை மாத்திரை தவறிவிட்டது என்பதற்காக மாலையில் இரண்டாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. "விட்டதை மறுநாள் வெட்டச் சொல்ற தண்டலும் உண்டு, விட்டது விட்டதுதான்னு போற தண்டலும் உண்டு. ஆனா களத்துல நின்னு ரெண்டுல ஒண்ணச் சொல்லிடுவாங்க. சொல்லாம இருந்தாத்தான் சண்ட வரும்" என்றார் அம்மா. ஆறாவது கட்டம் பிறந்தது: 'தவறினால்'. நகர்த்து, விடு, உடனே செய் என்று மூன்றில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். கையேட்டிலேயே நீளமான பகுதி இதுதான், ஒன்றேகால் பக்கம். அக்கா மகன் சுருக்கச் சொல்கிறான். மாட்டேன்.

க்ரான் பற்றி ஒரு வார்த்தை. யூனிக்ஸ் கணினிகளில் குறித்த நேரத்துக்கு வேலையை எழுப்பிவிடும் பழைய நிரல் அது. 1979இல் வந்த ஏழாம் பதிப்பிலேயே உண்டு. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து எண்ணை எழுதினால் போதும். கச்சிதம்! ஆனால் தேதிக்கு 13, கிழமைக்கு வெள்ளி என்று இரண்டையும் எழுதிப் பாருங்கள். 13ஆம் தேதி வெள்ளியாக இருந்தால் மட்டும் எழுப்பும் என்றுதானே நினைப்பீர்கள்? எல்லா வெள்ளியும் எழுப்பும், எல்லா 13ஆம் தேதியும் எழுப்பும். இதைத் தெரியாமல் சோதனைக் கடிதம் போட்டு, ஒரே மாதத்தில் எங்கள் உறவினர் ஒருவருக்கு ஐந்து பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிவிட்டோம். அவர் இன்னும் பேசவில்லை.

நேரத்தைப் பற்றிய பகுதியை எழுத உட்கார்ந்தபோது பேயே வந்தது. சும்மா ஒரு பழைய தேதியைக் கொடுத்துச் சோதிப்போமே என்று அக்கா மகன் 1981 டிசம்பர் 31, இரவு 11:45 என்று அடித்தான். கருவி தடுமாறியது. அவன் அரை நாள் தன் நிரலில் பிழை தேடினான். பிழை நிரலில் இல்லை. அப்படி ஒரு நிமிடமே மலாக்காவில் இருந்ததில்லை! அன்றிரவு 11:30 ஆனதும் தீபகற்பத்துக் கடிகாரங்கள் நேரே 12:00க்குத் தாவி 1982க்குள் போய்விட்டன. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வர வேண்டும் என்று செய்தது. உலகக் கணினிகள் பலவும் வைத்திருக்கும் நேர மண்டலப் பட்டியலில் நம் பக்கத்துக் கதை மட்டும் ஒரு நாவல்: 1905இல் கிரீன்விச்சுக்கு 7 மணி முன்னால், 1933இல் 7:20, 1941இல் 7:30, ஜப்பானியர் வந்ததும் 1942இல் டோக்கியோ நேரமான 9, அவர்கள் போனதும் மறுபடி 7:30, 1982இலிருந்து 8.

"அந்த வருஷம் நல்லா ஞாபகம் இருக்கு. கடிகாரம் அஞ்சரைல காட்டின இருட்ட ஆறு மணிக்குக் காட்டுச்சு. சூரியனுக்கு யாரும் சொல்லல போல" என்றார் அம்மா. மரத்துக்கும் யாரும் சொல்லவில்லை.

இதெல்லாம் இன்றைய நினைவூட்டலுக்கு எதற்கு என்கிறீர்களா? ஒரு முகவரிடம் 1975இல் ஜாசினில் பிறந்தவரின் பிறந்த நேரத்தைக் கொடுத்து ஜாதகம் கணிக்கச் சொல்லுங்கள். இன்றைய எட்டு மணிக் கணக்கில் போட்டால் அரைமணி பிசகும். லக்னம் மாறினாலும் மாறும். கல்யாணமே நின்றுபோகும் ஐயா! எனவே கையேட்டில்: "வெறும் மணியைக் குறிக்காதே. எந்த ஊர் மணி என்று குறி." 'நாளை', 'அடுத்த வாரம்' எல்லாம் எழுதும்போதே தேதியாக மாற வேண்டும். நாளைக்குப் படித்தால் 'நாளை' வேறு நாள் அல்லவா?

கடைசிச் சண்டை மாசி மகம். மலாக்காக்காரருக்கு நான் சொல்லவா வேண்டும்! 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலிலிருந்து ரதம் புறப்பட்டு செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகும். ஊரே பின்னால் போகும். வருஷா வருஷம் நினைவூட்டு என்று முகவரிடம் சொன்னோம். போன வருஷத் தேதியையே அடுத்த வருஷத்துக்கும் போட்டு, பெருமையோடு பத்து வருஷத்துக்குக் குறித்துவைத்தது. மாசியில் மகம் எந்தத் தேதியில் விழும் என்பதற்கு ஐகேலண்டரின் விதியில் கட்டம் கிடையாது, க்ரானின் ஐந்து எண்ணிலும் இடமில்லை. அக்கா மகன் நிலாக் கணக்கை நிரலாக எழுதுகிறேன் என்று மார்தட்டினான். அம்மா சுவரிலிருந்த நாட்காட்டியைக் காட்டினார். இப்போது கையேடு சொல்கிறது: "நட்சத்திரத்துக்கும் திதிக்கும் விதி எழுதாதே. பஞ்சாங்கம் பார்த்து இந்த ஆண்டுத் தேதியை மட்டும் வை. அடுத்த ஆண்டுப் பஞ்சாங்கம் பார்க்க ஒரு நினைவூட்டலும் வை." நினைவூட்டலை வைக்க ஒரு நினைவூட்டல்! இதை எழுதிவிட்டுப் பத்து நிமிடம் மாடியில் சும்மா நடந்துகொண்டிருந்தேன்.

கருவிக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை. அக்கா மகன் பட்டியலில் வாயில் நுழையாத பதினாறு பெயர்; என் பட்டியலில் ஒன்றே ஒன்று, பெரட்டு. அம்மாவின் ஆட்சேபம் வேறு மாதிரி: "அந்தச் சத்தம் கேட்டா இன்னும் வயித்தக் கலக்குது. பேர் வெக்க அதுதான் கிடச்சுதா?" அது நியாயம்தான். அந்தத் தோட்டத்தில் இப்போது பால்மரம் இல்லை, செம்பனை. லயமும் இல்லை. அம்மா மட்டும் இன்னும் நாலரைக்கு எழுந்துவிடுகிறார்.

பெயரை விடுங்கள், ஒலி ஒன்று வேண்டும். மனிதருக்கான நினைவூட்டல் அடிக்கும்போது கைப்பேசியில் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் இப்போது மேசையில் இருக்கும் கேள்வி. அம்மாவின் தோட்டத்தில் தொங்கவிட்ட இரும்புத் துண்டை அடிப்பார்களாம். பக்கத்துத் தோட்டத்தில் தப்புப் பறை என்கிறார். சங்கு ஊதிய இடமும் உண்டு என்கிறார். அலோர் காஜா, மெர்லிமாவ், புக்கிட் அசஹான், எந்தப் பக்கத்துக்காரராக இருந்தாலும் சரி, உங்கள் தோட்டத்தில் பெரட்டுக்கு எதை அடித்தார்கள், எத்தனை தட்டு, எத்தனை மணிக்கு என்று எழுதி அனுப்புங்கள். மணி எழுதும்போது 1982க்கு முன்னா பின்னா என்பதையும் மறக்காமல் குறியுங்கள்.